தங்கப்பழம் சார் எந்தப் பக்கம்?

தங்கப்பழம் சாரிடம் காபியா டீயா என்று கேட்டால், "இருக்கதைக் குடுங்க" என்பார். ரெண்டும் இருக்கு என்றால், "எது சுலபமோ அது" என்பார். ரெண்டும் சுலபம்தான் என்று சொல்லிப் பாருங்கள், தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுவார். அப்படி ஒரு மனுஷன்.

கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் நாக்கு அழுகிவிடும். சங்கரன்கோவிலில் ஒரு உதவிபெறும் பள்ளிக்கூடத்தில் இருபத்துநாலு வருஷமாகத் தாவரவியல் வாத்தியார். லீவு போட மாட்டார், பிள்ளைகளை அடிக்க மாட்டார், தீபாவளிக்கு வாட்ச்மேனுக்குத் தனியாக ஒரு வேட்டி எடுத்துக் கொடுப்பார். ஒரே ஒரு குறைதான். பிறந்ததிலிருந்து அவர் எந்தப் பக்கமும் நின்றதில்லை. வீட்டில் அம்மாவுக்கும் சம்சாரத்துக்கும் ரசத்தில் பூண்டைத் தட்டிப் போடுவதா உரித்துப் போடுவதா என்று பதினெட்டு வருஷமாக வழக்கு. சார் ரெண்டு ரசத்தையும் ஊற்றிச் சாப்பிடுவார், ரெண்டு பேரையும் பார்த்துத் தலையை ஆட்டுவார். அந்த ஆட்டலும் மேலும் கீழுமாகவும் இருக்காது, பக்கவாட்டிலும் இருக்காது. கொட்டைப்பாக்கை டப்பாவில் போட்டு உருட்டினதுபோல வட்டமாக ஒரு சுற்று. தேர்தல் வந்தால் அவர் வீட்டுக் கேட்டில் இந்தப் பக்கத் தூணில் ஒரு கட்சிக் கொடி, அந்தப் பக்கத் தூணில் எதிர்க்கட்சிக் கொடி.

இப்படிப்பட்டவரைப் பார்த்தால் ஊர் என்ன செய்யும்? பட்டிமன்றத்துக்கு நடுவராகப் போட்டுவிடும். பள்ளிக்கூட ஆண்டுவிழா, கோயில் கொடை, பொங்கல் விளையாட்டுப் போட்டி என்று எங்கே நாலு பேர் எதிரும் புதிருமாக நின்று பேசினாலும் நடு நாற்காலி தங்கப்பழம் சாருக்குத்தான். அவர் தீர்ப்பும் எல்லாருக்கும் மனப்பாடம். "சங்கன், பதுமன்னு ரெண்டு நாகராஜாக்கள் சிவன் பெருசா பெருமாள் பெருசான்னு சண்டை போட்ட ஊர் இது. ஆண்டவன் என்ன செஞ்சான்? பாதி சிவனா, பாதி பெருமாளா, சங்கரநாராயணரா வந்து நின்னான். சாமியே பக்கம் சாயாத ஊர்ல நான் சாயலாமா?" என்று ஆரம்பிப்பார். முடிவில், "எதுவும் அளவோடு இருந்தால் நன்மை, அளவுக்கு மீறினால் தீமை" என்பார். டிவிக்கும் அதே தீர்ப்பு, செல்போனுக்கும் அதே தீர்ப்பு. ஒரு தடவை தலைப்பு வரதட்சணை. அதற்கும் வாய் தவறி அளவோடு என்று ஆரம்பித்து, கீழே இருந்த பெண்களின் முகத்தைப் பார்த்துவிட்டு இருமலை வைத்துச் சமாளித்தார்.

இப்படியே காலத்தை ஓட்டிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த மே மாதம் ஹெட்மாஸ்டர் ரிட்டயர் ஆகிறார். அந்த நாற்காலி மேல் சாருக்கு ஆசை வந்துவிட்டது. சாதாரண ஆசை இல்லை, வயிற்றுக்குள் கொடி ஓடின ஆசை. ஹெட்மாஸ்டர் ரூமுக்குள் போகும்போதெல்லாம் அந்த நாற்காலியில் விரித்திருக்கிற துண்டைக் கண்ணாலேயே துவைத்துக் காயப்போட்டுவிடுவார். வயசுப்படி, சர்வீஸ்படி அவர்தான் முதல். அடுத்தது வேதியியல் நிர்மலாதேவி டீச்சர். ஒரு வருஷம் ரெண்டு மாசம் இளையவர். நல்ல உழைப்பாளி, ஆனால் மனசில் பட்டதைச் சீவிச் சிங்காரிக்காமல் அப்படியே எடுத்து மேஜைமேல் வைக்கிற வாய்.

யாரை உட்கார வைப்பது என்று முடிவு செய்கிறது பள்ளிக்கூடக் கமிட்டி. கமிட்டி என்றால் ரெண்டு பேர்தான், மற்றவர்கள் எல்லாம் டீ குடிக்க வருகிறவர்கள். ஒருத்தர் தலைவர் சங்கரலிங்கம். ராயகிரிப் பக்கம் பெரிய தோட்டம், ஐந்து வருஷமாக இயற்கை விவசாயம். யாராவது சும்மா குனிந்து செருப்பை மாட்டினால்கூட மண்புழுவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். இன்னொருத்தர் செயலாளர் இசக்கித்துரை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் விதைக்கடை, உரக்கடை. குருவிகுளம், இளையரசனேந்தல் கரிசல்காட்டில் விதைக்கிற பருத்தி விதையில் பாதி அவர் கடைப் பாக்கெட். இந்த ரெண்டு பேரும் ஒத்துப்போன விஷயம் பன்னிரண்டு வருஷத்தில் ஒன்றே ஒன்று: ஆண்டுவிழாவுக்கு மட்டன் பிரியாணி.

இந்த நேரத்தில்தான் மேலே இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடத்திலிருந்தே ஒரு விவாதம் நடத்த வேண்டுமாம், பிள்ளைகள் தாங்களாகவே யோசித்துப் பேச வேண்டுமாம். தாவரவியலுக்கு வந்த தலைப்பு, மரபணு மாற்றப்பட்ட உயிரினங்கள் தேவையா, தேவையில்லையா. கேட்டதும் கமிட்டிக்காரர்கள் ரெண்டு பேரும் நான் வருகிறேன், நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்கள்.

சங்கரலிங்கம் சாரைத் தோட்டத்துக்கே வரச்சொல்லி, கருப்புக்கவுனிக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, "வே, அந்த விஷ விதையைப் பிள்ளைகள் மேடையிலேயே தோலுரிச்சுக் காட்டணும்" என்றார். சார் கஞ்சியைக் குடித்துவிட்டு, "நீங்க சொல்லுததும் சரிதான் அண்ணாச்சி" என்றார். மறுநாள் இசக்கித்துரை கடைக்குக் கூப்பிட்டு ஃபேனுக்குக் கீழே உட்காரவைத்து, "நாட்டுல பாதிப்பேரு விஞ்ஞானத்துக்கு எதிரா நிக்கான். நம்ம பிள்ளைகள் அப்படிப் பேசிறக் கூடாது, பாத்துக்கிடுங்க" என்றார். சார் சர்பத்தைக் குடித்துவிட்டு, "நீங்க சொல்லுததும் சரிதான் அண்ணாச்சி" என்றார். ரெண்டு பேருக்கும் ஒரே பதில். ரெண்டு பேரும் அவரவருக்கு வேண்டியதைக் கேட்டுக்கொண்டார்கள். நாற்காலி பாதி தன் பக்கம் நகர்ந்துவிட்டதாகச் சாருக்குத் தோன்றியது.

பிள்ளைகளைத் தயார் பண்ணுவதில் சாருக்கு ஒரு முறை உண்டு. பிள்ளைகள் தாங்களாக யோசிப்பது என்கிற பேச்சுக்கே அங்கன இடம் இல்லை. சாரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. இடது பக்கம் தேவை என்று பேசுகிற அணிக்கு, வலது பக்கம் தேவையில்லை என்று பேசுகிற அணிக்கு. முதன்முதலில் தொலைக்காட்சிக்காக எழுதினது. பிறகு அந்த வார்த்தையை அடித்து மேலே நீல மையில் கணினி என்று எழுதினார். அதையும் அடித்துப் பச்சை மையில் கைபேசி என்று எழுதினார். ஒவ்வொரு தடவையும் அவரே வாசித்து, பொருந்தாததை விட்டுவிட்டு, பொருந்துகிறதை ஒட்டுப்போட்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பார். எதிரணி என்ன கேட்கும், அதற்கு நம்ம அணி என்ன பதில் சொல்லும், பதில் சொல்லும்போது எந்த இடத்தில் கை தூக்கணும், எந்த இடத்தில் கூட்டம் கைதட்டும், எல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. ரெண்டு பக்கமும் பதினெட்டுப் பதினெட்டு வரி. ஒரு வரி கூடினால் பாரபட்சம் என்று சொல்லிவிடுவார்களே.

இந்த வருஷம் சாருக்கு நேரமில்லை. ஒரு நாள் ராயகிரியில் கஞ்சி, ஒரு நாள் கடையில் சர்பத், ரெண்டு இடத்துக்கும் மறுபடி போய் முகத்தைக் காட்டிவிட்டு வரவேண்டியது வேறு. அதனால் நோட்டை லிங்கேஷிடம் கொடுத்தார். வகுப்பிலேயே கையெழுத்து முத்துப்போல இருக்கிற பையன் அவன்.

"எங்கெல்லாம் கைபேசின்னு வருதோ அங்கெல்லாம் மரபணு மாற்றப்பட்ட உயிரினம்னு போட்டு எழுதிருல. ரெண்டு பக்கமும்."

லிங்கேஷ் சொன்ன சொல் தட்டாதவன். அப்படியே எழுதினான். சார்ஜர் வந்த ரெண்டு இடத்தை மட்டும் அவனாகவே எடுத்துவிட்டான், அவனுக்கும் புத்தி இருக்கிறதில்லையா. தேவை என்று பேச கோகுல். தேவையில்லை என்று பேச ஜெயசித்ரா. லிங்கேஷ் ஜெயசித்ராவுக்குத் துணை.

ஜெயசித்ரா இளையரசனேந்தலிலிருந்து பஸ்ஸில் வருகிற பிள்ளை. வகுப்பில் அதிகம் பேசாது, பேசினால் பின்வாங்காது. ஒத்திகையின் முதல் நாளே எழுந்து நின்று, பைக்குள்ளிருந்து ஒரு பருத்திக் காயை எடுத்து மேஜைமேல் வைத்தது. காயை விரித்தால் உள்ளே பஞ்சுக்குப் பதிலாகக் கறுத்த அழுகல், அதில் சின்னதாக ஒரு சிவப்புப் புழு நெளிந்தது.

"சார், எங்க அப்பா நாலு ஏக்கர்ல போடுறது இந்த பி.டி. பருத்திதான். புத்தகத்துல இருக்குற பாக்டீரியா ஜீன் இதுக்குள்ளதான் இருக்குங்கிறாங்க. இதை வச்சுப் பேசட்டுமா?"

சார் புழுவைப் பார்த்தார். இருபத்துநாலு வருஷமாக அந்தப் பாடத்தை எடுக்கிறவர், கரும்பலகையில் அந்த பாக்டீரியாவைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார். ஆனால் அது கொண்டுபோய் விட்ட இடத்தை, தன் ஊரிலிருந்து பஸ்ஸேறிப் போகிற தூரத்தில் இருக்கிற காட்டை, ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. அவருக்குப் புழு முக்கியமாகத் தெரியவில்லை. இந்த விதைப் பாக்கெட் எந்தக் கடையில் வாங்கியது என்பதுதான் நெஞ்சில் இடித்தது. மெதுவாக விசாரித்தார். அவர் பயந்தபடியே செயலாளர் கடை.

"பருத்தி நம்ம தலைப்புல வராதும்மா" என்றார்.

பிள்ளை விடவில்லை. மரபணு மாற்றப்பட்ட உயிரினம் என்று நம்ம ஊரில் விதைக்கிறது இது ஒன்றுதானே சார், பிறகு நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று கேட்டது. சார் நெற்றியைத் துடைத்தார். அப்புறம் பழகின ஆள் செய்கிறபடி செய்தார். கேள்வி கேட்கிற பிள்ளையை அடக்குவதற்குப் பள்ளிக்கூடங்களில் மரியாதையான ஒரு வழி உண்டு. "உனக்குக் குரல் கணீர்னு இருக்கு மக்கா, நன்றியுரைக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்காது" என்று சொல்லிவிட்டு, தேவையில்லை அணியை முழுசாக லிங்கேஷிடம் கொடுத்தார். நன்றியுரையில் யார் என்ன கேட்டுவிட முடியும்? தலைவருக்கு நன்றி, செயலாளருக்கு நன்றி, மைக்செட்காரருக்கு நன்றி.

இதையெல்லாம் நிர்மலாதேவி டீச்சர் பக்கத்து ஆசிரியர் அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். சார் உள்ளே வந்ததும், தீர்ப்பு எழுதியாச்சா என்று விசாரித்தார். விவாதமே இன்னும் நடக்கலையே டீச்சர் என்றார் சார், குழந்தைபோல.

"நடந்தா என்ன நடக்காட்டா என்ன, சங்கரநாராயணர் வரத்தானே போறார்" என்றார் டீச்சர் பேனாவைக் கீழே வைக்காமல். "ஆனா ஒண்ணு சார். அந்தத் தீர்ப்பை வாங்குறதுக்கு நம்ம கோயில் அம்மன் கோமதியம்மாள் ஒத்தக் கால்ல நின்னு தவம் கிடந்தா. நீங்க உக்காந்த இடத்துலயே வாங்கிருதீங்க."

சார் சிரித்தார். அது தன்னைப் பற்றின புகழ்ச்சி இல்லை என்பது அவருக்கு வீட்டுக்குப் போய்க் கை கழுவும்போதுதான் தெரிந்தது.

நாலு நாள் ஒத்திகை நடந்தது. சார் கடைசி பெஞ்சுக்குப் பின்னால் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அவர் காதில் வார்த்தை விழாது, ஏற்றம் இறக்கம் மட்டும்தான் விழும். "ஆனால்" என்ற இடத்தில் வலது கை உயர்ந்ததா, "ஆகவே" என்ற இடத்தில் அது கீழே வந்ததா, நாலு நிமிஷத்துக்குள் முடிந்ததா, அவ்வளவுதான். பிள்ளைகளும் அர்த்தம் கேட்டுக் கெட்டுப்போகவில்லை. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரியே படித்தார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. பன்னிரண்டாம் வகுப்பு அறையில் பெஞ்சையெல்லாம் தள்ளி, முன்னால் ஐந்து நாற்காலி போட்டு, ஹெட்மாஸ்டர் நாற்காலியிலிருந்த துண்டைக்கூட எடுத்துவந்து தலைவருக்கு விரித்தார்கள். தலைவர் வலது பக்கம், செயலாளர் இடது பக்கம், நடுவில் தங்கப்பழம் சார், புதுச் சட்டை. ஹெட்மாஸ்டர் ஓரத்தில் உட்கார்ந்து, ரிட்டயர் ஆகப் போகிற மனுஷனுக்கு உரிய தூக்கத்தை ஆரம்பித்திருந்தார்.

முதலில் கோகுல் எழுந்தான். தேவை என்கிற அணி. கணீரென்று ஆரம்பித்தான். "நடுவர் அவர்களே, மரபணு மாற்றப்பட்ட உயிரினம் மட்டும் இல்லையென்றால், கடல் கடந்து வாழும் மகனின் குரலைத் தாய் கேட்பது எப்படி? ஆபத்தில் இருக்கும் ஒரு பெண் உதவிக்கு யாரை அழைப்பாள்?"

வகுப்பில் ஒரு பெஞ்சில் கிளுக்கென்று சத்தம் வந்து அடங்கியது. செயலாளர் இசக்கித்துரையின் மகன் துபாயில் இருக்கிறான். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், கண்கூடக் கொஞ்சம் பனித்தது. நல்ல பேச்சு, நம்ம பக்கத்துப் பேச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அதற்கு மேல் அவர் என்னத்துக்கு வார்த்தையைக் கவனிக்க வேண்டும்?

அடுத்து லிங்கேஷ். வலது கையை நேரத்துக்குத் தூக்கினான். "ஆனால் நடுவர் அவர்களே, பேருந்தில் ஏறிப் பாருங்கள். ஆளுக்கொரு மரபணு மாற்றப்பட்ட உயிரினத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பதில்லை. இரவு தலைமாட்டில் அதை வைத்துக்கொண்டல்லவா தூங்குகிறோம்?"

தலைவர் சங்கரலிங்கம் நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டி, "உண்மை, உண்மை" என்றார். தலைமாட்டில் எதை வைத்துத் தூங்குகிறோம் என்று அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. எதிர்த்துப் பேசுகிறான், பையன் நல்ல பையன், போதும்.

நிர்மலாதேவி டீச்சர் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். அந்த இருமலில்தான் தங்கப்பழம் சாருக்கு, நாலு நாளாகக் காதில் விழாத வார்த்தை முதன்முதலாக விழுந்தது. முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. இந்தப் பக்கம் பார்த்தார், செயலாளர் பூரித்துப்போய் இருந்தார். அந்தப் பக்கம் பார்த்தார், தலைவர் பூரித்துப்போய் இருந்தார். வியர்வை வந்த வழியிலேயே திரும்பிப் போய்விட்டது. ரெண்டு பேருக்கும் சந்தோஷம் என்றால் பேருந்தில் எதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் என்ன?

எழுந்தார். சங்கனைச் சொன்னார், பதுமனைச் சொன்னார், பாதிப்பாதியாக வந்த சாமியைச் சொன்னார். மரபணு மாற்றப்பட்ட உயிரினங்கள் அளவோடு இருந்தால் நன்மை, அளவுக்கு மீறினால் தீமை என்று தீர்ப்பளித்தார். கைதட்டல் ரெண்டு பக்கமும் ஒரே அளவில் கிடைத்தது. அவர் உட்கார்ந்தபோது ஹெட்மாஸ்டராகவே உட்கார்ந்தார்.

ஜெயசித்ரா நன்றியுரை சொல்ல மைக்குக்கு முன்னால் வந்தது. கையில் சார் எழுதிக்கொடுத்த சீட்டு. முதல் ரெண்டு வரியைச் சீட்டில் இருந்தபடியே வாசித்தது. பிறகு சீட்டை நாலாக மடித்தது.

"எங்க அப்பாவுக்கு எட்டுப் பாக்கெட் பருத்தி விதை குடுத்த செயலாளர் அவர்களுக்கு நன்றி. இந்த விதை வந்த பிறகு பச்சைப் புழு குறைஞ்சது, அது நிசம். முன்னால வாரத்துக்கு ரெண்டு தடவை மருந்தடிச்சு எங்க பெரியப்பா காட்டுலயே மயங்கி விழுந்திருக்காரு. அப்புறம் அந்த அளவுக்கு மருந்தடிக்க வேண்டியது இல்லாமப் போச்சு. அதுக்கு நிசமாவே நன்றி. ஆனா இப்ப செவப்புப் புழு வருது. எந்தப் புழுவும் வராதுன்னு கடையில சொன்னாங்க. அப்படிச் சொன்னதுக்கும் நன்றி."

இசக்கித்துரையின் முகத்தில் துபாய் மகன் மறைந்துபோனான். சங்கரலிங்கம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்து மீசையைத் தடவினார். அந்தப் பிள்ளை அவர் பக்கம் திரும்பியது.

"விதையே கடையில வாங்கக் கூடாதுன்னு சொல்லுத தலைவர் அவர்களுக்கும் நன்றி. அவங்க தோட்டத்துக்கு மூணு போர்வெல் இருக்கு, மாடு பன்னெண்டு இருக்கு. எங்களுக்கு வானம் மட்டும்தான். வானம் பாத்த காட்டுல அவங்க மாதிரி எப்படிச் செய்யிறதுன்னு அவங்க ஒரு நாள் எங்க ஊருக்கு வந்து சொல்லித் தந்தா அதுக்கும் நன்றி சொல்லுவோம்."

மீசையைத் தடவின கை அங்கேயே நின்றது.

"கடைசியா நடுவர் அவர்களுக்கு நன்றி. அளவோட இருந்தா நன்மைன்னு தீர்ப்பு சொன்னாங்க. ஒரே ஒரு சந்தேகம் சார். எங்க அப்பாவுக்கு நாலு ஏக்கருக்கு எட்டுப் பாக்கெட். அளவுன்னா அதுல எத்தனை பாக்கெட் சார்? வர்ற புரட்டாசிக்கு விதைக்கணும். வீட்டுல போய்ச் சொல்லுதேன்."

கேலியாகக் கேட்கவில்லை, அதுதான் கொடுமை. அந்தப் பிள்ளை நிஜமாகவே பதில் வேண்டும் என்று நின்றது. ஹெட்மாஸ்டர்கூட அமைதி தாங்காமல் விழித்துக்கொண்டார்.

தங்கப்பழம் சார் வாயைத் திறந்தார். எட்டு என்றால் தலைவர் போய்விடுவார். ஒன்றுமில்லை என்றால் செயலாளர் போய்விடுவார். நாலு என்று சொல்லலாமா என்று ஒரு யோசனை ஓடியது. பாதி பருத்தி, பாதி என்ன? அந்தப் பாதிக்கு அவரிடம் பெயர் இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பாதி கைகொடுக்கவில்லை. அப்போது அவருக்கு ஒரு வழி தெரிந்தது. சட்டென்று எழுந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்து, "நாட்டுப்பண்" என்றார்.

எல்லாரும் எழுந்து விறைப்பாக நின்றார்கள். என்ன செய்ய முடியும்? பாட்டு முடிகிற வரைக்கும் யாரும் யாரையும் ஒன்றும் கேட்க முடியாது. சார் கண்ணை நேரே வைத்துக்கொண்டு, இந்தப் பாட்டு இன்னும் நாலு சரணம் நீளமாக இருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொண்டு நின்றார்.

முடிந்தது. வராண்டாவில் ரெண்டு பேரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். செயலாளர் ஒரு பக்கம், தலைவர் ஒரு பக்கம்.

"அந்தப் பிள்ளைக்கு எழுதிக் குடுத்தது நீருதானவே? என் கடையைச் சந்திக்கு இழுத்திருக்கீரு" என்றார் இசக்கித்துரை.

"என் போரை எண்ணிச் சொன்னது யாரு வே? என் தோட்டத்துல கஞ்சி குடிக்க வந்த ஆளு நீருதான்" என்றார் சங்கரலிங்கம்.

சாருக்கு உள்ளே ஒன்றும் ஓடவில்லை. ஓடாத நேரத்தில் பழக்கம்தானே பேசும்? அவர் ரெண்டு பேருக்கும் பொதுவாக நடுவில் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நீங்க சொல்லுததும் சரிதான் அண்ணாச்சி."

இதுவரைக்கும் அந்த வாக்கியத்தை அவர்கள் தனித்தனியாகக் கேட்டிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் கேட்டது அன்றைக்குத்தான். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். கஞ்சி குடித்த அன்றைக்கு இவன் என்ன சொன்னான், சர்பத் குடித்த அன்றைக்கு என்ன சொன்னான் என்று ரெண்டு பேர் மனசிலும் ஒரே கணக்கு ஓடியது. பிரியாணிக்குப் பிறகு அவர்கள் ஒத்துப்போன ரெண்டாவது விஷயம் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. பத்தே நிமிஷம். நிர்மலாதேவி டீச்சர்தான் அடுத்த ஹெட்மிஸ்ட்ரஸ். எங்களுக்கு வேண்டாதவளாகக்கூட இருக்கட்டும், அவள் இன்ன பக்கம் நிற்கிறாள் என்றாவது தெரியுமே என்று தலைவர் சொன்னதாகப் பேச்சு. டீச்சர் ஆசிரியர் அறையில் லட்டு கொடுத்தார். சாருக்குக் கொடுக்கும்போது மட்டும் நக்கல் ஒன்றும் பேசாமல் ரெண்டாக எடுத்து வைத்தார். அப்படிப் பேசாமல் விட்டதுதான் சாருக்கு அதிகம் சுட்டது.

வீட்டில் போய்ச் சொன்னார். அம்மாவும் சம்சாரமும் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரே கட்சி ஆனார்கள். "வாயில கொழுக்கட்டையா வச்சிருந்த? அந்தப் புள்ளைக்கு ஒரு பதில் சொன்னா என்ன குறைஞ்சு போயிருவ?" என்று அம்மா கேட்க, "அதானே" என்றாள் மருமகள். அந்த "அதானே" சாருக்கு அடிபோல விழுந்தது. பூண்டு வழக்கு அன்றைக்கு ஒருநாள் ஒத்திவைக்கப்பட்டது.

விவாதம் முடிந்த நாளிலிருந்து சார் ஜெயசித்ராவின் கண்ணைப் பார்ப்பதில்லை. பாடம் நடத்தும்போது ஜன்னலைப் பார்த்தே நடத்தினார். சாயங்காலம் அந்தப் பிள்ளை பஸ்ஸுக்கு நிற்கிற கேட்டை விட்டுவிட்டு, சைக்கிள் நிறுத்துகிற இடத்து வழியாகச் சுற்றிப் போனார். ஐம்பத்துநாலு வயசு ஆள், பதினேழு வயசுப் பிள்ளைக்குப் பயந்து சந்துக்குள் போனார். அந்தப் பிள்ளையோ துரத்தவும் இல்லை, கேலி பண்ணவும் இல்லை. பதில் வரும் என்று காத்திருந்தது, அவ்வளவுதான். சிலருக்கு வாத்தியார் என்றால் அவ்வளவு நம்பிக்கை.

நாற்காலி போனதற்கு அடுத்து வந்த திங்கட்கிழமை. சார் வகுப்புக்குள் வந்தார். வருகைப் பதிவேட்டைத் திறந்தார், மூடினார். இனிமேல் யாரைத் திருப்திப்படுத்த வேண்டும் என்று யோசித்துப் பார்த்தார். ஒருத்தரும் மிச்சமில்லை. அது அவருக்குப் பயமாகவும் இருந்தது, செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் நிற்கிற மாதிரி ஒரு சுகமாகவும் இருந்தது.

"ஜெயசித்ரா" என்றார்.

அது எழுந்து நின்றது.

"நீ அன்னைக்குக் கேட்டல்லா, எத்தனை பாக்கெட்டுன்னு." பதிவேட்டை ஓரமாகத் தள்ளினார். "எனக்குத் தெரியாதும்மா."

இருபத்துநாலு வருஷத்தில் அந்த ஆள் சொன்ன முதல் நேர்ப்பேச்சு அதுதான், அதற்குக் கைதட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஜெயசித்ரா உட்காரவில்லை.

"இதை அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா சார். நாங்க கோவில்பட்டிக்குப் போய் விவசாய ஆபீஸர்ட்டயாவது கேட்டிருப்போம். நீங்க யோசிச்சுச் சொல்லுவீங்கன்னு எங்க அப்பா பத்து நாளா காத்துக்கிட்டு இருக்காரு."

ஒரு மனுஷன், கரிசல்காட்டில், தன்னுடைய தீர்ப்புக்காகப் பத்து நாள் காத்திருந்தான் என்பது சாருக்குப் புதுசு. பட்டிமன்றம் கேட்டுவிட்டுப் போன யாரும் அதன்படி ஒரு காரியம் செய்ததாக அவருக்குத் தெரியாது. சாக்பீஸை எடுத்தார், கையிலேயே உருட்டினார். எந்த ஆபீஸர், எந்தக் கிழமை இருப்பார் என்று கேட்டார். புதன்கிழமை என்றது பிள்ளை. சனிக்கிழமை என்றால் வசதியாக இருக்கும் என்று வழக்கம்போல வாய் வரைக்கும் வந்தது. ஜெயசித்ராவின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை விழுங்கினார்.

லீவே போடாத மனுஷன் அன்றைக்கு மத்தியானம் ஹெட்மாஸ்டரிடம் புதன்கிழமைக்கு லீவு எழுதிக்கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துவிட்டு, "பருத்தி" என்று ஒரே வார்த்தை எழுதினார்.